யூனிஃபார்மைக் கழற்றும் முன்: ராணுவத்திலிருந்து ஊர் திரும்பும் ஜவானுக்கு ஒரு வழிகாட்டி

இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவன் நான். ஊரில் டிரங்குப் பெட்டியை இறக்கிவைத்த பிறகும் நெடுநாள் கையில் ஃபைலோடு அலைந்தேன். பென்ஷன் ஆணையில் என் மனைவியின் பெயரை வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். அதைத் திருத்த ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே போனால் மறுபடி முதல் அலுவலகத்துக்கே போகச் சொன்னார்கள். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர் இருக்கும் ஊரில் பிறந்திருந்தால் தெருவிலேயே யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். ஊரில் நீங்கள் ஒருவர்தான் ராணுவத்துக்குப் போனவர் என்றால் யாரிடம் போய்க் கேட்பது? அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது 15 வருஷ சர்வீஸ் முடித்துப் பென்ஷனோடு வரும் ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் (நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை). 4 வருஷத்தில் வெளியே வரும் அக்னிவீரர்களுக்குப் பென்ஷனும், முன்னாள் படைவீரருக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்டமும் கிடையாது. வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி என்ற மொத்தத் தொகை உண்டு. அவர்களுக்கு இதில் 1, 2-ஆம் படிகள் உதவும்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வீஸில் இருக்கும்போது யூனிட் கிளார்க் ஒரு பார்ட்-டூ ஆர்டர் (சொந்த விவர மாற்றங்களைப் பதிவு செய்யும் உத்தரவு) போட்டு முடிக்கிற வேலை, வெளியே வந்த பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் முடிந்ததையெல்லாம் உள்ளே இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

1. ஒரு வருஷம் முன்பே பெயர்களைச் சரிபாருங்கள்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில்தான் பெரிய சிக்கல். நமக்கு இனிஷியல்தான் வழக்கம். ரெக்ரூட்மெண்டில் அந்த இனிஷியலை விரித்து அப்பா பெயரை முன்னால் போட்டிருப்பார்கள், அல்லது பின்னால். சிலருக்கு ஊர்ப் பெயரும் சேர்ந்திருக்கும். ஆதாரில் "முருகன் சு", பான் கார்டில் "சுப்பையா முருகன்", ராணுவத்தின் ஆள் விவரப் பதிவான ஷீட் ரோலில் "முருகன் எஸ்" என்று இருந்தால் மூன்று பேர் என்றுதான் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும்.

மனைவி பெயரில் சிக்கல் இன்னும் அதிகம். கல்யாணம் ஆன புதிதில் பார்ட்-டூ ஆர்டருக்குக் கொடுத்த பெயர் "செல்வி" என்று இருக்கும். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் "தமிழ்ச்செல்வி". பிறந்த தேதியைத் தோராயமாகச் சொல்லியிருப்பார்கள். உங்களுக்குப் பிறகு குடும்ப பென்ஷன் அவர் கைக்குப் போகும்போதுதான் இந்த வித்தியாசம் கண்ணில் படும். அப்போது அதைச் சரிசெய்ய நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

லீவில் வரும்போது வீட்டிலிருந்து இவற்றை எடுத்துப் போங்கள்: உங்கள் இருவரின் ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் ஆதார். யூனிட் ஆபீஸில் உங்கள் ஷீட் ரோலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே எதை மாற்றுவது சுலபம் என்று பாருங்கள். பெரும்பாலும் ராணுவப் பதிவில் இருப்பது போல ஆதாரை மாற்றுவதைவிட, ஆதாரும் பள்ளிச் சான்றும் ஒத்துப்போகிறபடி ராணுவப் பதிவைத் திருத்துவதே நல்லது. ஏனென்றால் ஊரில் எல்லா அலுவலகமும் ஆதாரைத்தான் கேட்கும். ராணுவப் பதிவில் பெயர் திருத்த பிரமாணப் பத்திரமும், திருத்தத்தைப் பொறுத்து பத்திரிகை விளம்பரமும் கேட்பார்கள். ஊரில் நோட்டரியைப் பார்க்க, விளம்பரம் வெளியாக, பேப்பர் உங்கள் ராணுவப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் போய்த் திரும்ப என்று நாள் ஓடும். வருஷாந்திர லீவு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

ரெக்கார்ட் ஆபீஸ் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் என்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, இ.எம்.இ.க்கு செகந்திராபாத். பென்ஷனில் வந்த பிறகு உங்கள் யூனிட் வேறு இடத்துக்கு மாறிப் போயிருக்கும். கடைசி வரை உங்கள் பதிவுகளைப் பார்க்கப் போவது ரெக்கார்ட் ஆபீஸ்தான். ஆர்மி நம்பரோடு சேர்த்து அந்த முகவரியை வீட்டில் எழுதி வையுங்கள்.

2. மெடிக்கலில் வாயைத் திறந்து சொல்லுங்கள்

வெளியே வரும் முன் எல்லோருக்கும் மெடிக்கல் உண்டு. உடல்தகுதி குறைந்த லோ மெடிக்கல் கேட்டகரியில் இருப்பவர்களுக்கு ரிலீஸ் மெடிக்கல் போர்டு என்ற டாக்டர்கள் குழு உட்காரும். நம் ஆட்களில் பலர் இங்கேதான் நஷ்டப்படுகிறார்கள். இத்தனை வருஷம் "ஷேப் ஒன்" (முழு உடல்தகுதி) என்று சொல்லியே பழகிவிட்டோம். முட்டி வலித்தாலும் காது கேட்காவிட்டாலும் "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு ரயில் ஏறிவிடுவோம்.

அப்படிச் செய்யாதீர்கள். எல்லையில் ஷெல் விழுந்து காதில் இரைச்சல் இருந்தாலும், சியாச்சினில் விரல் மரத்துப் போயிருந்தாலும், ராத்திரி தூக்கம் கெட்டுத் திடுக்கிட்டு எழுந்தாலும், சுகரோ பிரஷரோ இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தூக்கம் கெடுவதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அதுவும் காயம்தான். ஊருக்கு வந்து அதைக் குடியில் மறைக்கப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஊனம் 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று போர்டு கணித்து, அது சர்வீஸால் வந்தது அல்லது சர்வீஸால் அதிகமானது என்றும் ஒப்புக்கொண்டால் பென்ஷனோடு கூடுதல் தொகை உண்டு. இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே இருக்க வேண்டும். இரண்டாவதை நிரூபிக்கத் தாள் தேவை. டியூட்டியில் அடிபட்டபோது போட்ட ஐஏஎஃப்ஒய்-2006 இன்ஜுரி ரிப்போர்ட், மிலிட்டரி ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டுகள், ஃபீல்ட் ஏரியாவில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் நகல் எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போர்டு முடிந்ததும் அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

கோரிக்கையை நிராகரித்துக் கடிதம் வந்தால் மனம் தளர வேண்டாம். முதல் மேல்முறையீட்டுக்கு 6 மாத அவகாசம் உண்டு. அப்புறம் இரண்டாவது மேல்முறையீடு. அதற்கும் மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதன் கிளை ஒன்று சென்னையிலேயே செயல்படுகிறது. கடிதம் கைக்கு வந்த தேதியைக் கவரின் மேல் எழுதி, கவரையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.

3. பென்ஷன் தாள்களும் ஸ்பர்ஷும்

இப்போது பாதுகாப்புத் துறை பென்ஷன் முழுவதும் ஸ்பர்ஷ் என்ற இணைய முறையில் பிரயாக்ராஜில் இருக்கும் பென்ஷன் கணக்கு அலுவலகத்திலிருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. உங்கள் விவரங்களை ரெக்கார்ட் ஆபீஸ் ஏற்றும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உங்கள் மொபைலுக்கு வரும். உள்ளே போய், ஏற்றிய விவரம் எல்லாம் சரிதானா என்று பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். இதைக் கிளார்க்கிடம் போனைக் கொடுத்து முடித்துக்கொள்ளாதீர்கள். கூட உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்த பிறகு ஒப்புதல் கொடுங்கள்.

மொபைல் நம்பரில் கவனம் வேண்டும். ஜம்மு காஷ்மீரில் வெளி மாநில ப்ரீபெய்டு சிம் எடுக்காது என்பதால் அங்கே ஒரு லோக்கல் நம்பர் வாங்கியிருப்பீர்கள். அந்த நம்பரைப் பென்ஷனுக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தால் ஓடிபி எதுவும் வராது. ஊரில் நிரந்தரமாக வைத்திருக்கப் போகும் நம்பரை, ஆதாரோடும் வங்கியோடும் இணைத்துவிட்டு, அதையே கொடுங்கள்.

வங்கிக் கணக்கு மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்காக, இருவரில் யார் வேண்டுமானாலும் அல்லது உயிரோடு இருப்பவர் இயக்கலாம் என்ற முறையில் இருக்கட்டும். சம்பளக் கணக்கில் விபத்துக் காப்பீடு இருந்தால், பென்ஷன் கணக்காக மாற்றிய பிறகும் அது தொடருமா என்று கிளையில் எழுத்தில் கேளுங்கள்.

4. கம்யூட்டேஷன்: கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்

அடிப்படை பென்ஷனில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். இதுதான் கம்யூட்டேஷன். பென்ஷன் 20,000 ரூபாய் என்று வையுங்கள். பாதியை, அதாவது 10,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால், 40 வயதுக்கான பெருக்கல் காரணி 9.09. 10,000-ஐ அதனாலும் 12 மாதத்தாலும் பெருக்கினால் 10,90,800 ரூபாய் கையில் வரும். அதற்குப் பதிலாக மாதம் 10,000 வீதம் 15 வருஷம் கழிந்துகொண்டே இருக்கும். கூட்டினால் 18 லட்சம். 15 வருஷம் முடிந்ததும் முழு பென்ஷன் திரும்பி வரும். இடையில் அகவிலைப்படியை மட்டும் முழு பென்ஷனுக்கே கணக்கிட்டுத் தருவார்கள்.

வீட்டுக் கடன் அதிக வட்டியில் ஓடுகிறது, அதை அடைக்க வேண்டும் என்றால் எடுப்பது நியாயம். "எல்லாரும் எடுக்கிறாங்க" என்பதற்காக எடுக்க வேண்டாம். பாதி முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தேவைப்படும் அளவுக்குக் குறைத்து எழுதிக் கொடுக்கலாம்.

இதைத் தவிர பணிக்கொடை, 300 நாள் வரையிலான லீவுப் பணம், ஏஎஃப்பிபி ஃபண்ட் (வருங்கால வைப்பு நிதி), ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸ் முதிர்வுத் தொகை எல்லாம் வரும். இவை ஒரே நாளில் வந்து சேராது. சம்பளக் கணக்கில் ஏதாவது டெபிட் நின்றிருந்தால் ஃபைனல் செட்டில்மெண்டில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் கடைசி வருஷத்துப் பே ஸ்லிப்புகளைத் தவறாமல் பாருங்கள். வராத தொகை எது, தாமதமாகும் தொகை எது என்று ஒரு நோட்டில் எழுதி டிக் அடித்து வாருங்கள். ஊரில் முதல் இரண்டு மூன்று மாதக் குடும்பச் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொண்டு வருவது நல்லது.

5. ரெஜிமெண்ட் சென்டரை விட்டுக் கிளம்பும் நாளில் கையில் இருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, மெடிக்கல் தாள்கள், ஷீட் ரோல் நகல், இசிஎச்எஸ் விண்ணப்பத்துக்கான சான்றுகள், இன்ஷூரன்ஸ் தாள்கள், கோர்ஸ் சான்றிதழ்கள். டிஸ்சார்ஜ் புக்கை அங்கேயே நின்று படியுங்கள். குடும்பத்தார் பெயர், பிறந்த தேதி, கல்வித் தகுதி, ட்ரேடு, நடத்தை எல்லாம் சரிதானா என்று பாருங்கள். பிழை இருந்தால் அன்றே சொல்லுங்கள், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஊருக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனிலும் மெயிலிலும் வையுங்கள். எங்கே கேட்டாலும் நகல் மட்டும் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

6. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்

ஊர் வந்ததும் முதல் வேலையாக இங்கே போங்கள். பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் இந்த அலுவலகம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம், வங்கிப் புத்தகம் கொண்டுபோய்ப் பதிவு செய்து முன்னாள் படைவீரர் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பிள்ளைகளின் படிப்புச் சலுகை, வேலைப் பதிவு, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் இந்த அட்டைதான் ஆதாரம்.

ரேஷன் கார்டில் உங்கள் பெயர் விட்டுப் போயிருக்கும், அல்லது அப்பா வீட்டுக் கார்டிலேயே நின்றிருக்கும். அதையும் வாக்காளர் பட்டியலையும் அதே மாதத்தில் சரிசெய்யுங்கள். சர்வீஸ் ஓட்டராக இருந்தவர் ஊரில் புதிதாகச் சேர படிவம் 6 கொடுக்க வேண்டும். ராணுவக் கேன்டீன் கார்டையும் முன்னாள் படைவீரர் கார்டாக மாற்ற வேண்டும். எந்தக் கேன்டீனில் விண்ணப்பிப்பது என்று நல அலுவலகத்திலேயே சொல்வார்கள்.

7. இசிஎச்எஸ்: கார்டு வரும் வரை தாமதிக்காதீர்கள்

2003 ஏப்ரல் 1 முதல் நடக்கும் திட்டம் இது. பென்ஷனில் வருபவர் எல்லோரும் சேர்ந்தே ஆக வேண்டும். ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000 ரூபாய். ஒரு தடவை கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் ஆயுள் முழுவதும் மருத்துவம் உண்டு. மகனுக்கு 25 வயது, வேலை, கல்யாணம் இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை. மகளுக்கு வேலை அல்லது கல்யாணம் வரை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை. பெற்றோரைச் சேர்க்க அவர்களின் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது.

விண்ணப்பம் ஆன்லைனில். சென்னை, வேலூர், திருச்சி, மதுரை, கோவை என்று பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. வீட்டுக்கு எது பக்கமோ அதைத் தேர்ந்தெடுங்கள். கார்டு கைக்கு வரும் வரை தற்காலிகச் சீட்டு கொடுப்பார்கள், அதை பர்ஸிலேயே வைத்திருங்கள்.

சாதாரண வைத்தியத்துக்கு பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கிக்கொண்டுதான் தனியார் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சுவலி, விபத்து போன்ற அவசரத்தில் எங்கே வேண்டுமானாலும் சேரலாம். திட்டப் பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பில் திரும்பக் கிடைப்பது கஷ்டம். இந்த 48 மணி நேர விதி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும், படுக்கையில் கிடக்கப் போவது நீங்களாகவும் இருக்கலாம்.

8. பிள்ளைகள் படிப்பு

வருஷத்தின் நடுவில் டிஸ்சார்ஜ் வந்தால் பள்ளி மாறுவது பெரும்பாடு. கேந்திரிய வித்யாலயாவில் படித்த பிள்ளை ஊரில் இன்னொரு கேந்திரிய வித்யாலயாவில் தொடரலாம். அங்கே முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு முதல் முன்னுரிமைப் பிரிவில் இடம். அது பக்கத்தில் இல்லை, மாநிலப் பள்ளிதான் என்றால் தமிழ்ப் பாடம் 10-ஆம் வகுப்பு வரை கட்டாயம் என்பதை மனதில் வையுங்கள். ஜோத்பூரிலும் பதான்கோட்டிலும் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. டிஸ்சார்ஜுக்கு ஒரு வருஷம் முன்பே வீட்டில் தினமும் கொஞ்சம் தமிழ் எழுதப் பழக்குங்கள்.

கல்லூரிக்கு: தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் தனியாக உண்டு. அதற்கான சான்றை நல அலுவலகத்தில் வாங்க வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் நேரத்தில் அங்கே கூட்டம் அலைமோதும், முன்கூட்டியே போங்கள். தொழிற்கல்வி படிப்பவர்களுக்குப் பிரதமர் உதவித்தொகை ஆண்களுக்கு மாதம் 2,500, பெண்களுக்கு 3,000 ரூபாய். நுழைவுத் தகுதியில் 60 சதவீத மதிப்பெண் வேண்டும். முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். அதைத் தவறவிட்டால் இரண்டாம் ஆண்டில் புதிதாகச் சேர முடியாது.

9. வேலை தேடுதல்

டிஸ்சார்ஜுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே சிவில் வேலைகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கலாம். மறுகுடியமர்வுத் தலைமை இயக்குநரகம் நடத்தும் பயிற்சி வகுப்புகளுக்கும் உள்ளே இருக்கும்போதே பெயர் கொடுங்கள்.

மத்திய அரசு குரூப் சி பணிகளில் 10 சதவீதம், பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் நிலைப் பணிகளில் 14.5 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு. மத்திய அரசுப் பணிக்கு உங்கள் வயதிலிருந்து சர்வீஸ் காலத்தைக் கழித்து, மேலும் 3 வருஷம் தள்ளுபடி. பத்தாம் வகுப்பு முடித்து 15 வருஷம் சர்வீஸ் செய்தவரை, தொழில்நுட்பத் தகுதி கேட்காத குரூப் சி வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். பலருக்கு இது தெரியாமல், டிகிரி இல்லையே என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்விலும் 5 சதவீத ஒதுக்கீடு உண்டு.

ஒரு எச்சரிக்கை. இட ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அதே ஒதுக்கீடு கிடையாது. ஆனால் சேருவதற்கு முன்பே வேறு எந்தெந்த வேலைகளுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று, சேர்ந்த உடனே தேதியோடு எழுதிக் கொடுத்தால் அவற்றுக்கு மட்டும் சலுகை தொடரும். அந்த உறுதிமொழியைக் கொடுக்காமல் அவசரமாகக் கிடைத்த வேலையில் உட்காராதீர்கள்.

உடனே ஒரு வருமானம் வேண்டும் என்றால் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவில் பதிவு செய்யுங்கள், அரசு நிறுவனங்களுக்குக் காவலர்களை அனுப்புகிறார்கள். சொந்தத் தொழில் என்றால் "முதல்வரின் காக்கும் கரங்கள்" திட்டத்தில் 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் உண்டு. நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ரயில்வேயிலோ வங்கியிலோ இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

10. மொத்தப் பணம் வந்த முதல் ஆறு மாதம்

ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சீட்டு, மனை, பங்காளிக் கடன், கூட்டு வியாபாரம் என்று ஒவ்வொருவராக வருவார்கள். முதல் ஆறு மாதம் பணத்தை டெபாசிட்டில் போட்டுவிட்டு யாருக்கும் பதில் சொல்லாமல் இருங்கள். மனை வாங்கினால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள், அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவு செய்வதிலேயே சிக்கல். 50 வயது தாண்டிய முன்னாள் படைவீரர், மற்றவர்களைப் போல 60 வரை காத்திருக்காமல், தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம்.

பணிக்கொடைக்கும் கம்யூட்டேஷன் தொகைக்கும் வருமான வரி இல்லை. மாத பென்ஷன் வரிக் கணக்கில் வரும்.

11. மனைவி தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு மாலை இதற்காக ஒதுக்கி மனைவியோடு உட்காருங்கள். பென்ஷன் ஆணையில் அவர் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். ஸ்பர்ஷுக்குள் எப்படிப் போவது, இசிஎச்எஸ் கார்டு எங்கே, ரெக்கார்ட் ஆபீஸ் முகவரி, நல அலுவலகம் எந்தத் தெருவில் என்று சொல்லிக் கொடுங்கள். உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் இறப்புச் சான்றிதழ், பென்ஷன் ஆணை, அவருடைய ஆதார், பான், வங்கிப் புத்தகம் இவற்றோடுதான் குடும்ப பென்ஷனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாயும் அகவிலைப்படியும் வரும்.

வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றையும் அப்போதே செய்து காட்டிவிடுங்கள். போனில் ஜீவன் பிரமாண் செயலியிலேயே முகம் காட்டிக் கொடுக்கலாம், அல்லது பொதுச் சேவை மையத்தில் விரல் வைக்கலாம். அப்போது பென்ஷன் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் உங்கள் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சான்று ஸ்பர்ஷுக்குப் போகாது, பென்ஷன் நின்றுவிடும். ஸ்பர்ஷ் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒன்று கழித்து ஸ்பர்ஷுக்குள் போய், சான்று ஏறிவிட்டதா, அடுத்த தேதி எது என்று பார்த்து, அதைக் காலண்டரில் எழுதுங்கள்.